முப்பது தடவை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் மிரட்டுகிற ஆள் இல்லை. ஒல்லியான உடம்பு, எதிரே இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். கருவிகள் பழுதுபார்க்கும் அறையில் காலை முதல் மாலை வரை பூதக்கண்ணாடி விளக்கின் கீழே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள். 'பூதக்கண்ணாடி அக்கா' என்று தொடங்கிய பெயரில் முதலில் கண்ணாடி உதிர்ந்தது, பிறகு அக்காவும் உதிர்ந்தது. பதினாலு வருடத்தில் அவளுக்கே பழகிவிட்டது. போன் வந்தால் எடுத்து, "பூதம் பேசறேன், சொல்லுங்க" என்பாள்.

சலவை அறைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கிய அறைக்கும் நடுவே, தரைக்குக் கீழே இருந்தது அவள் அறை. ஜன்னல் கிடையாது. மேஜைமேல் மீட்டர்கள், ஈயம் பற்றவைக்கும் கம்பி, ஒரு மைக்ரோஸ்கோப், ஊசிமுனை இடுக்கிகள். மூன்றாம் மாடியில் இதய வார்டு. அந்த வார்டின் நாற்பது பெட்டிகளுக்கும் அவள்தான் பொறுப்பு.

பெட்டி என்றால் சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். இதய நோயாளி அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அதிலிருந்து ஐந்து ஒயர்கள் நெஞ்சுக்குப் போகும். இதயத் துடிப்பை அது ரேடியோ அலையாக மாற்றி அனுப்ப, வார்டின் கூரையில் இருக்கும் ஆன்டெனாக்கள் பிடித்து, நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் இருக்கிற பெரிய திரைக்குக் கொடுக்கும். கட்டிலோடு கட்டிப்போட்டது மாதிரி இல்லாமல் நோயாளி எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சர்க்யூட் பலகை இருக்கும். ஆன்டெனா மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்ப்பது நூல் மாதிரி ஒரு ஒயர். அந்த ஒயரின் முனையில் தங்க முலாம் பூசிய ஒரு வட்டக் கனெக்டர், பாதி மிளகு அளவு. பலகையில் இருக்கும் குமிழின்மேல் நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அந்த டிக்கைத் தவிர அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. கூரையில் ஓடுகிற தடித்த கேபிள்களுக்கு மரை போட்ட கனெக்டர்கள் உண்டு. அவற்றை ஐநூறு தடவை திருகிக் கழற்றலாம், ஒன்றும் ஆகாது. இதற்கு ஆயுள் முப்பது தடவை. கையேட்டில் ஒரே ஒரு வரியில் அதைச் சொல்லியிருந்தார்கள்.

வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சின்ன இடத்தில், அவ்வளவு வேகமான அலையைச் சிதறாமல் கொண்டுபோக அதைவிட நல்ல வழி இல்லை. தொழிற்சாலையில் ஒரு தடவை மாட்டி, மூடியை மூடிவிட்டால் பெட்டி தேய்ந்து தூக்கிப் போடுகிற வரைக்கும் அது அப்படியே கிடக்கும். ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு பெட்டியின் ரேடியோ பலத்தையும் மாதாமாதம் அளந்து பதிவு செய்ய வேண்டும். அளக்க வேண்டுமானால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே குமிழில் மீட்டர் ஒயரை மாட்ட வேண்டும். பிறகு மீட்டரைப் பிடுங்கி ஆன்டெனாவை மாட்ட வேண்டும். பெட்டிகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்தே அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் எண்ணவில்லை. அவள் எண்ணினாள். கழற்றும் ஒவ்வொரு தடவைக்கும் அந்தந்தப் பெட்டியின் மூடிக்குள் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தாள். பதினேழாம் நம்பர் பெட்டியில் முப்பதாவது கோடு விழுந்த அன்று பராமரிப்பு மேலாளரிடம் போனாள்.

"சார், பெட்டிக்குள்ள இருக்கிற ஆன்டெனா ஒயரு எல்லாம் மாத்தணும். ஆயுசு முடிஞ்சிருச்சு."

மேலாளர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேலை செய்யுதா, செய்யலையா?"

"செய்யுது சார். ஆனா பிடிப்பு இல்ல. ஆட்டினா விட்டு விட்டு வருது."

"நீங்க எதுக்கும்மா ஆட்டறீங்க?"

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டாள். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் மேலாளர் முகம் கறுக்கும், நாளைக்கு வேறொன்றுக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அறைக்கு வந்து பதினேழாம் பெட்டியைத் திறந்தாள். சின்னக் குறடு ஒன்றை எடுத்து, கனெக்டரின் வட்ட விளிம்பை இரண்டு பக்கமும் லேசாக நெருக்கினாள். மறுபடி அழுத்தினாள். புதுசு மாதிரி 'டிக்' என்றது. வட்டத்தை நெருக்கினால் அது வட்டமாக இருக்காது, இரண்டு இடத்தில் கவ்வும், மற்ற இடத்தில் விலகும், சில மாதம்தான் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் செய்தாள். செய்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் ஐந்து பெட்டிகளுக்கு அதே வைத்தியம் பார்த்தாள். பதினேழாம் பெட்டியில் கோடுகள் நாற்பத்தொன்று ஆயின.

இதய வார்டில் நர்ஸாக இருந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. கல்யாணம் சரிப்பட்டு வராமல், ஆறு வருடத்துக்கு முன்னால் இரண்டு துணிப்பெட்டிகளோடு வந்தவள், வீட்டின் பின்னறையில் தங்கிவிட்டாள். நாத்தனார் வந்து உட்கார்ந்துவிட்டாளே, இனி குத்தலும் குடைச்சலும்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். நடந்ததோ வேறு. அண்ணன் குரலை உயர்த்தினால், "எதுக்கு அண்ணிகிட்ட கத்தற? உன் கிரேன்ல போய் கத்து" என்று தங்கைதான் முதலில் பாய்வாள். கணவன் கட்டடங்கள் எழும்புகிற இடங்களில் கிரேன் ஓட்டுபவன். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவனுக்கு வீட்டில் இரண்டு பெண்கள் ஒன்று சேர்ந்தால் வாய் திறக்கவே பயம்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவார்கள். மத்தியானச் சாப்பாட்டை ஒரே டப்பாவில் பங்கு போட்டுக்கொள்வார்கள். வார்டில் நடந்ததை எல்லாம் நாத்தனார் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். அந்த வாரம் அவள் வாயில் அதிகம் அடிபட்டவர் ஒன்பதாம் கட்டில்காரர். ஓய்வு பெற்று இரண்டு மாதமே ஆன பஸ் டிரைவர். நெஞ்சுவலி வந்து சேர்ந்திருந்தார்.

"ரவுண்ட்ஸ் போனா, 'அடுத்த ஸ்டாப் எப்ப சிஸ்டர், இறங்கணும்'ங்கறார் அண்ணி. சிரிக்காம கேக்கறார். டாக்டர்கிட்டயும் அதையே கேக்கறார்."

ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரைக்கு அவள் அறையில் போன் அடித்தது.

"அண்ணி, ஒன்பதாம் கட்டில் பெட்டி, பதினேழு, விட்டு விட்டு வருது. ரெண்டு தடவை சிக்னல் போயிருச்சு. போய்ப் பெட்டிய நிமித்தி வச்சா வந்துருது."

அவள் மேஜையில் அப்போது மூச்சுக் கருவி ஒன்று பிரிந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் அது வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதினேழு என்றதுமே எந்தப் பெட்டி, எந்தக் கனெக்டர் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"பேட்டரிய மாத்திப் பாரேன்," என்றாள்.

"மாத்திட்டேன்."

"சரி, சாயங்காலம் கழட்டி எடுத்துட்டு வா. பாக்கறேன்."

"இப்ப வேற பெட்டி ஏதாவது இருக்கா?"

"எல்லாம் மேல நோயாளிங்க கழுத்துலதான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் சமாளி."

அன்று வார்டில் நர்ஸ்கள் இரண்டு பேர் லீவு. வார்டின் அந்தப் பகுதியில் இருந்த பன்னிரண்டு கட்டில்களுக்கு நாத்தனாரும் ஓர் உதவியாளரும் மட்டும். மத்தியானம் இரண்டு முப்பத்தொன்பதுக்கு நாலாம் கட்டில் பெரியவர் குழப்பத்தில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். படுக்கையெல்லாம் ரத்தம். நாத்தனார் ஓடிப்போய் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே நேரத்தில் திரையில் ஒன்பதாம் கட்டிலுக்கு நேரே மஞ்சளாக எழுத்து வந்தது. சிக்னல் இல்லை.

இதயம் நின்றால் திரை சிவக்கும், வார்டே அதிர்கிற மாதிரி மணி அடிக்கும். மஞ்சளுக்கு அப்படி இல்லை, சின்னதாக ஒரு 'டிங்'. ஒரு நாளைக்கு அந்த வார்டில் நூறு மஞ்சள் வரும், நூறும் ஒன்றுமில்லாமல் போகும். பெட்டியிலிருந்து துடிப்பே வந்து சேராதபோது, துடிப்பு நின்றதா ஓடுகிறதா என்று திரைக்குத் தெரிய வழியில்லை. நாலாம் கட்டிலில் கட்டுப் போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, நாத்தனார் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது. பஸ் டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, பெட்டியை நிமிர்த்தக் கையை நீட்டினாள். திரையில் சிக்னல் வந்தது. வந்த சிக்னல் நேர்கோடாக இருந்தது. வார்டு அதிர மணி அடித்தது.

கட்டில்மேல் ஏறி நெஞ்சை அழுத்தினாள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். முக்கால் மணி நேரம் போராடினார்கள். வழக்கம்போல் நாலு மணிக்கு அவருடைய மனைவி, துவைத்த சட்டை ஒன்றை மடித்துப் பையில் எடுத்துக்கொண்டு, வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

மறுநாளே நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரையின் பதிவில் எல்லாம் இருந்தது. மஞ்சள் எச்சரிக்கை வந்த நேரம், நர்ஸ் வந்து பெட்டியை நிமிர்த்தி சிக்னல் திரும்பிய நேரம். பதினொரு நிமிடம். விசாரணை முடியும்வரை வார்டுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள்.

பதினேழாம் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் மேஜைக்கே அனுப்பினார்கள். வேறு யாருக்கு அனுப்புவார்கள்? மேலாளர் கூடவே வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"பாத்துட்டு நிலைமை என்னன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. மேஜையில வேலை செஞ்சா வேலை செய்யுதுன்னு எழுதுங்க. இல்லாததையெல்லாம் எழுதி, நாளைக்கு நாற்பது பெட்டியும் கேள்வியாகி, நீங்களும் நானும் பதில் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம்."

அவர் போனதும் பெட்டியை மேஜையில் மல்லாக்க வைத்து, துடிப்பைப் போலியாகக் கொடுக்கும் கருவியோடு இணைத்தாள். அலை அழகாக ஓடியது. பெட்டியை இடப்பக்கமாகச் சாய்த்தாள். அலை அறுந்தது. நிமிர்த்தினாள், வந்தது. சாய்த்தாள், போனது. மூடியைத் திறந்து மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். தங்க முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. விளிம்பின் இரண்டு பக்கமும் குறட்டின் பல் பதிந்த தடங்கள் வரிவரியாக இருந்தன. அவளுடைய குறடு.  நாற்காலியில் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

பிறகு எழுதினாள். 'கருவி சோதிக்கப்பட்டது. மேஜையில் சரியாக இயங்குகிறது.' அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியைப் பையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தாள்.

வீடு வீடாக இல்லை. நாத்தனார் பின்னறையை விட்டு வெளியே வருவதில்லை. வந்தாலும் யூனிஃபார்மைத் துவைக்க மட்டும் வருவாள். ஏற்கெனவே துவைத்ததையே மறுபடி மறுபடி துவைத்துக் காயப்போட்டாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். கணவன் வேலைக்குப் போவதும் வருவதுமாக, என்ன பேசுவது என்று தெரியாமல், வாசலில் இருக்கும் சைக்கிளை சும்மா சும்மா துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ அங்கதானே வேலை செய்யற? யார்கிட்டயாவது பேசிப் பாக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் அவளிடம் கேட்டான்.

"பேசறேன்," என்று மென்று விழுங்கினாள்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் விசாரணைக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் கடிதத்தோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கறுத்து, பத்து வயது கூடினவள் மாதிரி இருந்தாள்.

"பெட்டிய நீங்கதான் பாத்தீங்களா அண்ணி? கூட வச்சிருக்கிற ரிப்போர்ட்டுல உங்க கையெழுத்து இருக்கு."

"ம்."

"நல்லாத்தான் இருந்துச்சா?"

குழாய்த் தண்ணீர் பாத்திரத்தை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது. "மேஜையில நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள், திரும்பாமல்.

நாத்தனார் கடிதத்தை மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்ப என் மேலதான் தப்பு. நான் ஒயரு லூசுன்னு நெனச்சுக்கிட்டு அலட்சியமா இருந்துட்டேன். போயிருக்கணும். நாலாம் கட்டில் பெரியவர் கைய உதவியாளர்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கணும். அவர் பொண்டாட்டி வந்து நின்னாங்க பாருங்க, அந்த மூஞ்சி போகவே மாட்டேங்குது அண்ணி."

அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

"அன்னைக்குக் காலையில உங்களுக்குப் போன் பண்ணதை நான் எழுத்துல சொல்லல," என்றாள் நாத்தனார். "பெட்டி நல்லா இருக்குன்னா அப்புறம் உங்களை எதுக்கு நடுவுல இழுக்கணும்? நீங்க 'சாயங்காலம் எடுத்துட்டு வா'ன்னு சொன்னது எல்லாம் தேவையில்லாமப் பெருசாகும். ஒரு வீட்டுல ஒருத்தி வேலை போனாப் போதும்."

சொல்லிவிட்டு வந்து குழாயை மூடிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விசாரணை. இரண்டாம் மாடியில் நீள மேஜை போட்ட ஓர் அறை. தலைமை மருத்துவர், நர்ஸ்களின் கண்காணிப்பாளர், மேலாளர் மூவரும் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் நாத்தனார், துவைத்துத் தேய்த்த யூனிஃபார்மில். குடும்பத்தின் சார்பில் ஒருவர் வரலாம் என்று எழுதியிருந்ததால் பஸ் டிரைவரின் மனைவி வந்து, கதவோரம் போட்ட நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பூதத்தை யாரும் கூப்பிடவில்லை. அலை தருகிற கருவியையும், சிறு திரை வைத்த ரிசீவரையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அவளாகவே கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

மேலாளர் எழுந்தார். "நீங்க எதுக்கும்மா இங்க?"

"நான் எழுதிக் குடுத்தது பாதிதான் சார். மீதிய சொல்ல வந்திருக்கேன்."

"அதெல்லாம் அப்புறம்..."

"இருங்க," என்றார் தலைமை மருத்துவர். "சொல்லுங்க."

 பேசுவதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. மேலாளர் எதிரே மேஜையில் இருந்த பையை எடுத்து, எல்லார் முன்னாலும் பிரித்து, பெட்டியை மேஜையில் மல்லாக்க வைத்தாள். திரையில் அலை ஓடியது. ஒரு விரலால் பெட்டியை இடப்பக்கம் சாய்த்தாள். அலை நின்றது. மஞ்சள் எழுத்து வந்தது. நிமிர்த்தினாள். அலை வந்தது. மூன்று தடவை செய்து காட்டினாள். பிறகு மூடியைத் திறந்து பென்சில் கோடுகளைக் காட்டினாள்.

"இந்தக் கனெக்டர் முப்பது தடவை கழட்டி மாட்டத்தான். நாங்க நாற்பத்தியொரு தடவை கழட்டியிருக்கோம். பிடிப்பு போனப்ப நான் குறடால நெருக்கி விட்டேன். அப்படிச் செய்யக் கூடாது. தெரிஞ்சேதான் செஞ்சேன். அன்னைக்குக் காலையில பதினொன்றரைக்கு இவங்க எனக்குப் போன் பண்ணி, இந்தப் பெட்டி விட்டு விட்டு வருதுன்னு சொன்னாங்க. உடனே கழட்டுன்னு நான் சொல்லியிருக்கணும். சாயங்காலம் எடுத்துட்டு வான்னு சொன்னேன்."

 நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"ஒயர் மாத்தணும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"மேலாளர் சார்கிட்ட வாயால சொன்னேன்."

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல," என்றார் மேலாளர். "எழுத்துல எதுவும் வரல."

"ஆமா. எழுதிக் குடுக்கல," என்றாள்.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. அழுகை இல்லாத, வறண்ட குரல்.

"அவர் இடது பக்கம்தான் படுப்பார்," என்றார் பஸ் டிரைவரின் மனைவி. "முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தான். வலது பக்கம் படுத்தா தூக்கம் வராது." எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். பெட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மறுபடி சாய்ச்சுக் காட்டும்மா."

அவள் தலைமை மருத்துவரைப் பார்த்தாள்.  பெட்டியைச் சாய்த்தாள். கோடு அறுந்தது.

"அப்ப மல்லாக்கப் படுத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

தலைமை மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. அவருக்கு இருந்த அடைப்பு பெரிசு. ஆனா நின்ன நிமிஷமே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முயற்சி பண்ண நேரம் இருந்திருக்கும்."

அந்த அம்மா தலையசைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் நாத்தனார் பக்கம் நின்று, "நீதான் அவர் நெஞ்ச அழுத்தினியாம்மா?" என்று கேட்டார். நாத்தனார் தலையாட்டினாள். அந்த அம்மா அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே போனார். பூதத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரத்திலேயே நாற்பது பெட்டிகளையும் வார்டிலிருந்து இறக்கி, வெளியிலிருந்து ஆள் வரவழைத்துச் சோதித்தார்கள். பதினொன்றில் ஆட்டினால் அலை அறுந்தது. மாதாந்திரச் சோதனையைக் கைவிட்டு, பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்தே காற்றில் வரும் அலையை அளக்கும் முறைக்கு மாறினார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். அவளைப் பதினாலு வருட வேலையிலிருந்து நீக்கினார்கள். மேலாளருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். நாத்தனாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பதினொரு நிமிடம் பதினொரு நிமிடம்தான் என்று சொல்லி இதய வார்டைக் கொடுக்கவில்லை. வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நாத்தனார் கேட்டது ஒரே கேள்வி.

"நான் போன் பண்ணி பதினேழுன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை நான் வந்து கேட்டப்பவும்?"

"தெரியும்."

"எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு அண்ணி அந்த ஒன்பது நாளும். நீங்க பக்கத்து ரூம்லதான் இருந்தீங்க." அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் பூதத்துக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் நாத்தனாருக்கு நர்ஸ்கள் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. போகிற அன்று கணவன் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மனைவி பக்கமும் நிற்காமல் தங்கை பக்கமும் நிற்காமல் கதவருகே நின்றான். "அவ என் கூடப் பொறந்தவ. நீ எனக்குக் கழுத்த நீட்டினவ. நான் யாரைப் பாத்து என்ன சொல்ல?" என்றான் மனைவியிடம், ஆட்டோ போன பிறகு. 

அவள் வேலை தேடினாள். பழுதுபார்க்கும் கடைகளிலும் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் போய்க் கேட்டாள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிற இடத்தில் நடந்ததைச் சொன்னாள். சொன்னதும் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். சொல்லாமல் இருக்கலாம் என்று கணவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பகலில் வீட்டில் தனியாக இருக்கும்போது சில சமயம் காலை பதினொன்றரை மணியைக் கடிகாரத்தில் பார்க்க நேரும். அப்போது செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, அடுத்த அறைக்குப் போய் நின்றுகொள்வாள்.

நாத்தனார் வாரத்துக்கு ஒரு நாள் அண்ணனுக்குப் போன் செய்வாள். இரண்டு நிமிடம் பேசுவார்கள். சாப்பாடு, உடம்பு, வீட்டு ஓட்டில் ஒழுகுகிறதா என்பது மாதிரிப் பேச்சு. நாலு மாதம் அப்படியே போனது. ஒரு சனிக்கிழமை பேசி முடித்தவன் போனை வைக்காமல் சமையலறை வாசலுக்கு வந்து அவளிடம் நீட்டினான்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ம்," என்றாள்.

அந்தப் பக்கம் சீட்டு எழுதும் ஜன்னலின் இரைச்சல் கேட்டது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேலை ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இன்னும் இல்ல. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. 

"வரிசை நிக்குது," என்றாள் நாத்தனார். "வச்சிடறேன் அண்ணி."